மூணாவது வில்லும் முறிஞ்சிடுச்சு, தப்பு எங்கேன்னு சொல்லுங்க

#1 ரங்கூன்_சாவிக்கடை · நவம்பர் 9

எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயங்காலம் மூணாவது வில்லும் போச்சு. இழுத்துக்கிட்டு இருக்கும்போதே படீர்னு ஒரு சத்தம். வில்லோட மேல் கை (பிடிக்கு மேல வளையுற பாதி) ரெண்டு அடி நீளத்துக்குப் பிய்ஞ்சு பறந்து பக்கத்து வீட்டுத் தண்ணிப் பீப்பாய்ல அடிச்சு, வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அந்த வீட்டு பர்மாக்கார அம்மா வெளிய வந்து என்னை மேலும் கீழும் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. திட்டியிருந்தா கூடத் தேவலை.

நான் தச்சன் இல்லை. பூட்டு, சாவி ரிப்பேர் பண்றவன். அரம் பிடிக்கத் தெரியும், மரம் தெரியாது. எங்க தாத்தாகிட்ட ஒரு உண்டைவில் இருந்தது, பர்மாக்காரங்க லவுக்லேன்னு சொல்வாங்களே, அது. ரெட்டை நாண், நடுவுல சின்னத் தொட்டில், அதுல காய வெச்ச களிமண் உருண்டை. களத்துல நெல் காயும்போது காக்கா விரட்ட வெச்சிருந்தாரு. விடும்போது மணிக்கட்டை ஒரு சொடுக்கு சொடுக்கணும், இல்லைன்னா உருண்டை நம்ம கட்டைவிரலையே பதம் பார்க்கும். என் நகம் ஒண்ணு இன்னைக்கும் கோணல்தான். அந்த ஆசையிலதான் பெரிய வில் ஒண்ணு, அம்பு விடுற வில், நானே செய்யணும்னு இறங்கினேன்.

முதல் வில், இடிச்ச வீட்டுக் கதவு நிலையில இருந்து எடுத்த பழைய தேக்கு. ரெண்டாவது, கடையில வாங்கின படௌக் பலகை (நம்ம ஊர் வேங்கைக்குப் பங்காளி). மூணாவது மூங்கில். மூணும் முறிஞ்சது. மூணு மரமும் கெட்ட மரமா இருக்க முடியாது, ஆக கெட்டது நான்தான். என்ன தப்பு பண்றேன்?

#2 மோல்மேன்_மழை · நவம்பர் 9

முதுகுல கெட்டித் துணியைப் பசை போட்டு ஒட்டுங்க. முடிஞ்சுது கதை.

#3 பெகு_வாச்சி · நவம்பர் 9

தம்பி, துணி பிறகு. முறிந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா, இருக்கிறதா? இருந்தால் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். எந்த இடத்தில் முறிந்தது, பிடியிலிருந்து எத்தனை அங்குலம். முதுகுப் பக்கம் முதலில் கிழிந்ததா, வயிற்றுப் பக்கம் நசுங்கியதா. (எய்கிறவன் முகத்தைப் பார்க்கிற பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கிற பக்கம் முதுகு.) முறிந்த வாய் எப்படி இருக்கிறது, நீளமாகச் சிராய் எழுந்திருக்கிறதா, முறுக்கை ஒடித்த மாதிரி குட்டையாக இருக்கிறதா.

நாற்பது வருடம் வண்டிச் சக்கரமும் கலப்பையும் செய்தவன் நான். ஆரக்கால் முறிந்து வருகிற வண்டியில் முதலில் பார்ப்பது முறிந்த வாயைத்தான்.

#4 ரங்கூன்_சாவிக்கடை · நவம்பர் 10

இருக்கு ஐயா. தேக்கும் படௌக்கும் பரண்ல கிடந்தது. மூங்கில்ல பாதி இங்க, மீதி வேலிக்கு அந்தப் பக்கம், கேட்கத் தைரியம் இல்லை.

தேக்கு: பிடிக்கு மேல 11 அங்குலத்துல. குட்டையா, நீங்க சொன்ன முறுக்கு மாதிரியேதான். முறிஞ்ச வாய்க்கு நடுவுல கறுப்பா ஒரு வட்டம் தெரியுது. இப்பதான் கவனிச்சேன், அது பழைய ஆணி ஓட்டை. நிலையில அடிச்ச ஆணியைப் பிடுங்கிட்டு மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சது நானேதான்.

படௌக்: கீழ்க் கை, 15 அங்குலத்துல ஆரம்பிச்சு சாய்வா ஓடி 22 அங்குலத்துல பக்கவாட்டுல வெளிய வந்திருக்கு. நீளமான சிராய். அது முறிஞ்சது போன ஏப்ரல்ல, திஞ்ஜான் (பர்மாக்காரங்க புத்தாண்டுத் தண்ணித் திருவிழா) முடிஞ்ச மறுவாரம். அதுக்கு முன்னாடி ஒரு மாசம் தகரக் கூரைக்கு அடியில பரண்ல கிடந்தது.

மூங்கில்: முதுகுல தோல் முதல்ல கிழியலை. வயிறுதான் முதல்ல போயிருக்கு, கறுப்பா, நொறுங்கின மாதிரி. வயித்தை அடுப்புக் கரியில வாட்டினேன், வாட்டினா இறுகும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். வாட்டின ராத்திரியே நாண் ஏத்தி இழுத்தேன்.

#5 பெகு_வாச்சி · நவம்பர் 10

பாதிப் பதில் உங்கள் எழுத்திலேயே வந்துவிட்டது.

வில்லை வளைத்தால் முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. முதுகில் இருக்கிற நார் ஒவ்வொன்றும் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அறுபடாமல் ஓடினால் அந்த இழுப்பைத் தாங்கும். நடுவில் ஒரு ஆணி ஓட்டை இருந்தால் அந்த இடத்து நார் எல்லாம் அறுந்த கயிறு. பசையும் மரத்தூளும் கண்ணை ஏமாற்றும், இழுப்பை ஏமாற்றாது. பெட்டி, நாற்காலி செய்ய அடைக்கலாம். வில்லில் அப்படிப்பட்ட மரத்தைத் தொடவே கூடாது. அதோடு தேக்கு வெயிலுக்கும் மழைக்கும் கறையானுக்கும் ராஜாவே தவிர, திடீர் அதிர்ச்சி தாங்குவதில் ராஜா இல்லை. சுத்தியல் காம்புக்கு யாராவது தேக்கு போடுகிறார்களா, யோசித்துப் பாருங்கள்.

படௌக்குக்கு ஒரு வேலை செய்யுங்கள். மிச்சத் துண்டு இருந்தால் ஓர் அடி நீளத்துக்கு அறுத்து, தலையில் கத்தியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துப் பிளந்து பாருங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள்.

#6 ரங்கூன்_சாவிக்கடை · நவம்பர் 11

அடிச்சேன் ஐயா. பிளவு நேரா இறங்கவே இல்லை. ஏழாவது அங்குலத்துல பக்கவாட்டுல வெளிய வந்துடுச்சு. பிளந்த முகம் வழவழன்னு இல்லை, ஒரு பட்டை இந்தப் பக்கம் சாய்ஞ்சும் அடுத்த பட்டை அந்தப் பக்கம் சாய்ஞ்சும், கயிறு முறுக்கின மாதிரி இருக்கு. ஆனா பலகையோட மேல் முகத்துல கோடு எல்லாம் நேராத்தான் தெரிஞ்சது! அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

#7 பெகு_வாச்சி · நவம்பர் 11

மேல் முகம் நேராக இருந்து பக்க முகத்தில் நார் சாய்ந்து ஓடினால் போதும், வில் போய்விடும். நான்கு முகத்தையும் பார்க்க வேண்டும். படௌக்கில் அது மட்டுமல்ல, நார் பின்னிக்கொண்டு வளர்கிற மரம் அது. பின்னல் இருப்பதால்தான் கட்டில் காலுக்கு வெடிக்காமல் உழைக்கிறது. அதே பின்னல் வில்லில் ஒவ்வொரு நாரையும் பாதியில் வெட்டி வெளியே தள்ளும். இழைப்புளி போடும்போது ஒரு பக்கம் போனால் சிலும்பியிருக்குமே, திருப்பிப் போட்டாலும் சிலும்பியிருக்குமே?

#8 ரங்கூன்_சாவிக்கடை · நவம்பர் 11

ஆமா! நான் இழைப்புளி மழுங்கிடுச்சுன்னு ரெண்டு தடவை தீட்டினேன்.

#9 மாண்டலே_வெயில் · நவம்பர் 12

வாச்சி ஐயா சொல்றது சரி, ஆனா பரண் சமாச்சாரத்தை அவரு சும்மா விட்டுட்டாரு. நான் விட மாட்டேன். மரச் செதுக்கு வேலைதான் எனக்கு இருபது வருஷமா, அதுவும் மாண்டலே வெயில்ல.

தம்பி, மரம் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், கக்கும். காத்து ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தா மரத்துக்குள்ள ஈரம் சுமார் 18 சதவீதத்துல போய் நிக்கும். 65-ன்னா 12. 50-ன்னா 9. வில்லுக்கு 8-லிருந்து 10 வரைக்கும் நல்லது. அதுக்கு மேல போனா வில் சோம்பேறியாகும், இழுத்த வளைவுலயே படுத்துக்கும். 6-க்குக் கீழ போனா அப்பளம். ஏப்ரல்ல தகரக் கூரைக்கு அடியில ஒரு மாசம் கிடந்த பலகை எங்க போய் நின்னிருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

ரங்கூன்ல உங்களுக்கு ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் கிட்ட மழை, எங்களுக்கு அதுல மூணுல ஒரு பங்குதான். ஒரே நாடு, ஒரே மரம், ரெண்டு வில். இங்க செஞ்சு ஆடி மாசம் அங்க அனுப்பின ஒரு சாமி சிலை பீடத்துக்குள்ள போகலைன்னு திருப்பி அனுப்பினாங்க, சிலை ஊதிப்போச்சாம். உளி நான் பிடிச்சது சரி, மழைக்கு என்ன பண்றது.

#10 மோல்மேன்_மழை · நவம்பர் 12

இங்க மழைக்காலத்துல சுவத்துல மாட்டின செருப்புலயே காளான் வரும் அக்கா. எங்களுக்கு 8 சதவீதம் எல்லாம் கனவு.

அப்புறம் யாரும் என் துணிக்குப் பதில் சொல்லலை.

#11 தட்டோன்_கல்மூங்கில் · நவம்பர் 12

மூங்கில்னு கேட்டதும் எழுந்து உக்காந்துட்டேன்.

சாவிக்கடை அண்ணே, நீங்க மூங்கில்ல பாதி சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. தோல் பக்கத்தை முதுகா வெச்சது சரி. மூங்கிலுக்கு பலமான நார் எல்லாம் தோலுக்கு அடியில நெருக்கமா இருக்கு, உள்ள போகப் போக நார் கம்மி, பஞ்சு ஜாஸ்தி. அதான் உங்க தோல் முதல்ல கிழியலை. கணுவை ராவிட்டீங்களா இல்லையா? முதுகுப் பக்கக் கணுவை அழகுக்கு வழிச்சு எடுக்கிறவங்க இருக்காங்க, எடுத்தா அங்கதான் கிழியும்.

நீங்க செத்தது நெருப்புல. வாட்டுறது தப்பில்லை, வயிறு இறுகும், நசுங்குறதைத் தாங்கும். ஆனா பழுப்பு நிறம் வந்ததும் எடுக்கணும். கறுத்துட்டா அது கரி, கரி எதையும் தாங்காது. அதை விட முக்கியம், வாட்டின உடனே உள்ள ஈரமே இருக்காது. ஒரு வாரம் பத்து நாள் நிழல்ல சும்மா வெச்சு காத்து ஈரத்தைத் திரும்பக் குடிக்க விடணும். நீங்க அன்னைக்கு ராத்திரியே இழுத்திருக்கீங்க. மூங்கில் வாயிருந்தா அழுதிருக்கும்.

இன்னொண்ணு, எந்த மூங்கில்? மியின்வா, நாம கல்மூங்கில்னு சொல்றது, உள்ள கிட்டத்தட்ட கெட்டி. சதை தடிப்பா கிடைக்கும். மூணு நாலு வயசு கழியா, மழை நின்ன பிறகு வெட்டினதா இருக்கணும். இளங்கழியில சர்க்கரையும் மாவும் இருக்கும், உளுத்துப்போகும். ரெண்டு மூணு வாரம் குளத்துல ஊறப் போட்டா அது கரைஞ்சிடும். எங்க அப்பா ஊறப்போட்ட மூங்கில்ல கட்டின பந்தல் எனக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் நின்னது. (நாத்தம் மட்டும் கேக்காதீங்க.)

#12 மாண்டலே_வெயில் · நவம்பர் 13

@மோல்மேன்_மழை, துணிக்குப் பதில் இதோ. துணியோ தோலோ ஒட்டுறது சிராய் எழும்பாம அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். நல்ல வில்லுக்கு அது காப்பு. நார் வெளியே ஓடுற மரத்துக்கும், ஒரே இடத்துல மடங்குற வில்லுக்கும் அது புண்ணு மேல சட்டை. தோல்தான் ஒட்டணும்னா மேளம் கட்டுறவங்ககிட்ட மெல்லிசா பதப்படுத்தாத ஆட்டுத்தோல் கிடைக்கும். ஆனா உங்க ஊர் மழையில தோல் ஈரம் குடிச்சுக் கனக்கும், அதையும் சேர்த்து யோசிங்க.

எனக்கு இதுல பெரிய சந்தேகமே வேற. மூணு வில்லும் வேற வேற காரணத்துல முறிஞ்சதா ஒத்துக்கிறேன். ஆனா மூணையும் இவர் எப்படி வளைச்சுப் பழக்கினார்னு இன்னும் யாரும் கேக்கலை. தம்பி, மரத்தைச் சீவினீங்க, அப்புறம்?

#13 ரங்கூன்_சாவிக்கடை · நவம்பர் 13

அப்புறம் நாண் ஏத்தி முழுசா இழுத்துப் பார்த்தேன் அக்கா. வளையலைன்னா இன்னும் சீவினேன். 28 அங்குலம் வர்ற வரைக்கும்.

#14 மாண்டலே_வெயில் · நவம்பர் 13

ஐயோ.

#15 பெகு_வாச்சி · நவம்பர் 13

சிரிக்காதே அம்மா. எல்லோரும் முதலில் அப்படித்தான்.

#16 மாண்டலே_வெயில் · நவம்பர் 14

சிரிக்கலை ஐயா, பயந்துட்டேன். மூஞ்சிக்கு நேரா முறிஞ்சிருந்தா?

கணக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன், இதை மண்டையில ஏத்திக்குங்க. வில்லோட அகலத்தைப் பாதியாக்கினா விறைப்பும் பாதியாகும், நேர்க் கணக்கு. தடிமன் அப்படி இல்லை. அது மும்மடிக் கணக்கு. நுனிப் பக்கம் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிற இடத்துல ஒரே ஒரு மில்லிமீட்டர் சீவினா அந்த இடத்து விறைப்புல 27 சதவீதம் போச்சு. பிடிக்குப் பக்கத்துல 16 இருக்கிற இடத்துல அதே ஒரு மில்லிமீட்டருக்கு 18 சதவீதம். அதனாலதான் கொஞ்சம் சீவினேன்னு நினைக்கிற இடம் திடீர்னு கதவுக் கீல் மாதிரி மடங்குது. ஒரு இடம் கீலாயிட்டா மத்த இடம் எல்லாம் வேலை செய்யாம வேடிக்கை பார்க்கும், மொத்தப் பாரமும் அந்த ரெண்டு அங்குலத்துக்கு.

அதே வளைவுக்குத் தடிச்ச மரம் அதிகம் இழுபடும், மெலிஞ்சது கம்மியா இழுபடும். அதனால பலவீனமான மரத்துக்கு அகலம் கூட்டி தடிமன் குறைக்கிறதுதான் பிழைக்கிற வழி. ரெண்டு அங்குல அகலம் வெச்சு, நீளமும் தாராளமா வையுங்க. 28 அங்குலம் இழுக்கணும்னா 66 அங்குலத்துக்குக் குறையாம.

#17 மன்றக்_காவல் · நவம்பர் 14

இந்த இழையில் வேட்டை பற்றிக் கேட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். இங்கே பேசுவது மரம், வில், பலகை இலக்கு. வேறு எதற்கும் இடமில்லை. வெளியே எய்யப் போகிறவர்கள் உங்கள் வட்டாரத்தில் அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#18 பெகு_வாச்சி · நவம்பர் 15

தம்பி, பலகை வாங்குவதை விடுங்கள். மரமாக எடுங்கள். எங்கள் பக்கம் வேலி ஓரங்களில் தயோ மரம் உண்டு. திஞ்ஜானுக்குத் தலைமுழுக பர்மியப் பெண்கள் தயோ பட்டையும் கின்புனும் சேர்த்து ஊறவைக்கிறார்களே, அந்தத் தயோ. கின்புன் நம் சீயக்காய். தயோ நம் ஊரில் சடச்சி, தடசு, உன்னு என்று சொல்கிற இனம். அதில் மண்வெட்டிக் காம்பு போட்டால் கையில் அதிராது, காவடித் தண்டு போட்டால் வளைந்து வளைந்து நிமிரும். வில்லுக்கு அதைவிட எனக்குத் தெரிந்து பக்கத்தில் எதுவும் இல்லை.

உங்கள் தொடை பருமனில் ஒரு தண்டு, கணு இல்லாமல் ஆறடி. பட்டை முறுக்கிக்கொண்டு ஏறினால் உள்ளே நாரும் முறுக்குதான், அதை விட்டுவிடுங்கள். ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். ரம்பம் தன் இஷ்டத்துக்குப் போகும், ஆப்பு நார் போகிற வழியில் போகும். வெட்டின அன்றே இரண்டு தலையிலும் பெயிண்ட்டோ மெழுகோ பூசிவிடுங்கள். தலை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், ஓடினால் வெடிக்கும்.

#19 ரங்கூன்_சாவிக்கடை · நவம்பர் 24

மச்சான் வீட்டுத் தோட்டத்துல கிடைச்சது. பெகுவுக்கு பஸ்ல போய், வரும்போது ஆறடிப் பிளவு ரெண்டு. நடத்துனர் இதுக்கும் டிக்கெட் கேட்டாரு, கொடுத்தேன்.

நாலாப் பிளந்தோம். பிளக்கும்போது கேட்ட சத்தம் இருக்கே ஐயா, சர்ர்ர்னு, ஜிப் இழுக்கிற மாதிரி நேரா. படௌக்கை அடிச்ச கைக்கு இது வெண்ணெய். தலையில மெழுகுவத்தி உருக்கி ஊத்தியாச்சு. பட்டை ஒட்டிக்கிட்டு உரிய மாட்டேங்குது, என்ன பண்ணட்டும்?

#20 பெகு_வாச்சி · நவம்பர் 24

மழை நின்ற பிறகு வெட்டியதால் பட்டை பிடித்துக்கொள்ளும். பொறுமையாகச் சுரண்டுங்கள், உடைந்த கண்ணாடிச் சில்லு போதும், உளி வேண்டாம். பட்டைக்குக் கீழே தெரிகிற முதல் மர முகம்தான் உங்கள் வில்லின் முதுகு. அதில் ஒரு கீறல் விழக் கூடாது. இனி வில் முடிகிற வரை அந்த முகத்தில் ஆயுதம் படக் கூடாது. சீவுவது எல்லாம் வயிற்றிலும் பக்கத்திலும்தான்.

இப்போதே 2 அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமனுக்குக் குறைத்துவிட்டு, கோணாமல் இருக்க ஒரு நேர்ப் பலகையோடு கட்டி நிழலில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். நாள் கணக்குப் பார்க்காதீர்கள்.

#21 ரங்கூன்_சாவிக்கடை · ஜனவரி 19

பக்கத்துக் காய்கறிக் கடை வீசைத் தராசுலதான் போட்டேன். (பர்மா வீசை, 1.63 கிலோ. நூறு கியாத்தா ஒரு வீசை.) முதல் வாரம் 1 வீசை 41 கியாத்தா. அப்புறம் 30, 24, 19. போன மூணு வாரமா 1 வீசை 10-லயே நிக்குது. கடைக்காரர் ஒவ்வொரு வாரமும் 'இதை எப்ப விக்கப் போறே'ன்னு கேக்கிறாரு.

வெட்டின துண்டு ஒண்ணை அக்கா தனிச் செய்தியில சொன்ன மாதிரி அடுப்புல, 103 டிகிரியில எடை அசையாம நிக்கிற வரைக்கும் காய வெச்சேன். 120 கிராம், 109-ல நின்னது. 11 வித்தியாசம், 109-க்கு 10 சதவீதம். சரிதானே?

#22 மாண்டலே_வெயில் · ஜனவரி 19

பேஷ். அதேதான். மழை வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க.

இழுக்க வளைவுப் பலகை செஞ்சாச்சா? உசரமா ஒரு பலகையைச் சுவத்துல அடிச்சு, மேல வில்லோட பிடி உக்கார ஒரு பள்ளம், கீழ தரையில ஒரு கப்பி. நாண்ல கட்டின கயிறு கப்பி வழியா வந்து உங்க கைக்கு. பத்தடி தள்ளி நின்னு கயிறை இழுக்கணும். வில் முறிஞ்சா சுவரோட போகட்டும். தூரத்துல இருந்து பார்த்தாத்தான் வளைவும் தெரியும், இது ரெண்டாவது லாபம். கொக்கித் தராசைக் கயித்துல மாட்டிக்குங்க, எத்தனை ராத்தல் (பவுண்டு) பலத்துல இழுக்குறீங்கன்னு தெரியும்.

நினைச்ச ராத்தலுக்கு மேல ஒரு தடவை கூட இழுக்கக் கூடாது. 40 ராத்தல் வில் வேணும்னா, 15 அங்குலத்துலயே தராசு 40 காட்டிச்சுன்னா அங்கேயே நிறுத்திச் சீவணும். தப்பான வளைவு கண்ணுல பட்டுட்டா அதுக்கு மேல அரை அங்குலம் கூட இழுக்காதீங்க. ஒவ்வொரு தடவை சீவின பிறகும் இருபது முப்பது தடவை மெதுவா இழுத்து விடுங்க. சீவினது மரத்துக்கு உடனே தெரியாது, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரியும்.

#23 ரங்கூன்_சாவிக்கடை · பிப்ரவரி 8

அவசரம்! படம் பாருங்க. 20 அங்குலம் இழுத்தது. 38 ராத்தல். கண்ணுக்கு ரெண்டு கையும் ஒரே மாதிரி தெரியுது. இன்னும் இழுக்கலாமா?

#24 மாண்டலே_வெயில் · பிப்ரவரி 8

வேண்டாம். மேல் கையில பிடிக்கு மேல ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

ஆறு அங்குல மரக்கட்டை ஒண்ணு எடுத்து நடுவுல துளை போட்டு பென்சிலைச் சொருகுங்க. மச்சானை அதே 20-ல கயித்தைப் பிடிச்சு நிக்கச் சொல்லுங்க, ரொம்ப நேரம் இல்லை, அஞ்சு எண்ணுற நேரம். நல்லா வளையுற இடத்துல கட்டையை வயித்துல வெச்சு, பென்சில் முனை மயிரிழை படாம நிக்கிற மாதிரி வையுங்க. அப்படியே கை நெடுக ஓட்டுங்க. வளையாம விறைச்சு நிக்கிற இடத்துல எல்லாம் பென்சில் கோடு போடும். கோடு போட்ட இடத்துல மட்டும் சீவுங்க. கோடு விழாத இடத்துல கை வைக்காதீங்க.

#25 ரங்கூன்_சாவிக்கடை · பிப்ரவரி 9

அக்கா, காலைத் தொட்டுக் கும்பிடுறேன். மேல் கை நுனிப் பாதி முழுக்கக் கோடு. 14 அங்குலத்துக்குப் பக்கத்துல மூணு அங்குலம் மட்டும் சுத்தமா வெள்ளை. அதான் கீல். கண்ணுக்குத் தெரியவே இல்லை. முன்னாடி மூணு வில்லுலயும் இந்த மாதிரி எத்தனை இருந்திருக்குமோ. கீலை எப்படி நிரப்புறது?

#26 பெகு_வாச்சி · பிப்ரவரி 9

நிரப்ப முடியாது. மற்ற இடத்தை எல்லாம் அதன் அளவுக்கு இறக்க வேண்டும். ராத்தல் குறையும், குறையட்டும்.

அரத்தைக் கீழே வைத்துவிட்டு இனி கண்ணாடிச் சில்லு மட்டும். முதுகின் இரண்டு ஓரத்தையும் விரல் ஓட்டிப் பாருங்கள், கூராக இருந்தால் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். சிராய் கிளம்புவது அந்த விளிம்பில்தான். வயிற்றில் அரம் குறுக்கே போட்ட கீறல் ஒன்று விடாமல் நீளவாக்கில் தேய்த்து எடுங்கள்.

#27 தட்டோன்_கல்மூங்கில் · பிப்ரவரி 10

நாண் என்ன போடுறீங்க? நைலான் வேண்டாம், ரப்பர் மாதிரி இழுபடும். பாலியெஸ்டர் நூலைத் திரிச்சுப் போடுங்க. குதையில (நாண் மாட்டுற நுனியில) வெட்டின பள்ளம் கூரா இருந்தா நாணை அறுக்கும், நாண் பாதியில அறுந்தா அம்பு இல்லாம விட்ட மாதிரி, வில்லே போயிடும். அம்பு இல்லாம சும்மா இழுத்து விட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு மச்சானுக்கும் உண்டு. ஒளிச்சு வையுங்க.

#28 ரங்கூன்_சாவிக்கடை · மார்ச் 2

முடிஞ்சுது! 28 அங்குலத்துல 31 ராத்தல். நாணுக்கும் பிடிக்கும் நடுவுல 6 அங்குலம். நினைச்சது 40, பரவாயில்லை. நேத்தும் இன்னைக்கும் சேர்த்து 150 அம்பு விட்டாச்சு. வைக்கோல் கட்டுல பாதி, வேலியில மீதி. எய்து முடிச்சதும் நாணைக் கழட்டிடுறேன், படுக்கையா ரெண்டு ஆணியில மாட்டியிருக்கேன்.

#29 மோல்மேன்_மழை · மார்ச் 2

வாழ்த்துகள் அண்ணே. முதுகுல துணி ஒட்டினீங்களா?

#30 ரங்கூன்_சாவிக்கடை · மார்ச் 2

இல்லை 😄

#31 ரங்கூன்_சாவிக்கடை · மார்ச் 13

ஐயா, அக்கா, ஒரு கவலை. கீழ்க் கை வயித்துல, பிடியில இருந்து 9 அங்குலத்துல, குறுக்குவாட்டுல மயிர் மாதிரி ரெண்டு மூணு கோடு. நகத்தை ஓட்டினா லேசா தட்டுது. வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியுது. கீறலா, வேற எதாவதா?

#32 மாண்டலே_வெயில் · மார்ச் 13

நசுங்கல். அந்த இடத்து நார் பாரம் தாங்காம மடிஞ்சிருக்கு. அது ஆறாது. ஆனா முதுகு கிழியுற மாதிரி ஒரே நொடியில போறதில்லை, உங்களுக்கு நேரம் இருக்கு. அந்தக் கோட்டைத் தேய்ச்சு எடுக்கப் போகாதீங்க, அந்த இடம் இன்னும் மெலிஞ்சு இன்னும் நசுங்கும்.

#33 பெகு_வாச்சி · மார்ச் 14

கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் தூரத்துக்கு நாலைந்து முறை சில்லு போடுங்கள், அவையும் கொஞ்சம் வளைந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அதன் பிறகு 28 வேண்டாம், 26-லேயே நிறுத்துங்கள். பென்சிலால் கோட்டின் இரண்டு முனையிலும் ஒரு புள்ளி வையுங்கள். ஐம்பது அம்புக்கு ஒரு முறை பாருங்கள், கோடு புள்ளியைத் தாண்டினால் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த பிளவை எடுங்கள். இரண்டு பிளவு கொண்டுபோனீர்கள் அல்லவா?

#34 ரங்கூன்_சாவிக்கடை · மார்ச் 29

சில்லு போட்டேன். 26 அங்குலத்துல 27 ராத்தல் காட்டுது. எல்லா அம்புலயும் 26-ல சிவப்பு நூல் சுத்திட்டேன், நூல் விரலைத் தொட்டா நிறுத்தம். இருநூறு அம்பு ஆச்சு, கோடு புள்ளிக்குள்ளயே நிக்குது. ரெண்டாவது பிளவு பலகையோட கட்டிப் பரண்ல, இல்லை இல்லை, பரண்ல இல்லை, கட்டிலுக்கு அடியில இருக்கு.

வேலி தாண்டிப் போன ஒரு அம்பைக் கேட்க நேத்துதான் முதல் தடவையா பக்கத்து வீட்டுக்குள்ள போனேன். அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே எடுத்துக் கொடுத்தாங்க. நவம்பர்ல பறந்து போன மூங்கில் துண்டைத் தோட்டத்துல பார்த்தேன். அவரைக்கொடிக்கு ஊன்றியிருக்காங்க. கொடி உச்சி வரைக்கும் ஏறிடுச்சு.